கண்ணாடியும் கைகளும்

சிவகாசியில் ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. அன்று மாலை நாங்கள் ஐந்தாறு பேர் கூடிப் படிப்பது வழக்கம். சில வாரங்களாக எங்கள் பேச்சு ‘முழுமனிதன்’ என்னும் கருத்தைச் சுற்றியே வருகிறது. இஸ்லாமிய மெய்ஞ்ஞானிகள் அவனை ‘இன்ஸானுல் காமில்’ என்பர். அப்துல் கரீம் ஜீலி அப்பெயரிலேயே ஒரு நூல் செய்தார். இது எங்களுக்கு முற்றிலும் அயலான மரபன்று. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பிறந்த தொண்டிப் பக்கமும் எங்கள் விருதுநகர்ச் சீமையும் 1985 வரை ஒரே இராமநாதபுர மாவட்டம்.

ஜீலிக்கு முன்னோடியான இப்னு அரபி (1165–1240) ‘ஃபுஸூஸுல் ஹிகம்’ நூலை ஆதமிலிருந்து தொடங்குகிறார். உலகம் மெருகேறாத கண்ணாடியாகக் கிடந்தது. அதன் மெருகாக வந்தவர் ஆதம். அப்படியானால் முழுமை என்பது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதன்று, துடைத்துத் துலக்குவது. அவருக்கும் முந்திய கஸ்ஸாலி, துருவேறும் கண்ணாடியாக இதயத்தைச் சொல்லியிருந்தார். அவரது பாரசீக நூல் ஒன்றின் தலைப்புக்கு ‘இன்பத்தின் இரசவாதம்’ என்று பொருள். கந்தகத்துக்கும் வெடியுப்புக்கும் நடுவே வாழும் நாங்கள் அத்தலைப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டோம். பயர் ஆபீஸிலிருந்து அலுமினியப் பொடி படிந்து மின்னும் கைகளோடு வீடு திரும்புவோரை நாள்தோறும் காண்கிறோம். அந்த மெருகு வேறு.

அரிஸ்டாட்டிலின் வழி வேறு. ஒவ்வொன்றுக்கும் உரிய தொழில் உண்டு. மனிதனுக்குரியது அறிவின்வழிச் செயல்படுதல். கட்டிக் கட்டியே கொத்தனாராவதுபோல், நல்லன செய்து செய்தே நல்லவனாகிறான். திரி உருட்டிப் பழகிய ஊருக்கு இது எளிதில் விளங்கியது. ஆனால் ‘அரசியல்’ நூலில் அவரே, கைத்தொழிலாளியாக வாழ்பவனுக்கு அறத்தைப் பயில இயலாது என்கிறார். ஓய்வு வேண்டுமாம். நிறைவாழ்வுக்குச் செல்வமும் நண்பரும், ஓரளவு அழகுங்கூடத் துணை வேண்டும் என்கிறது அவரது அறநூல்.

மருந்து அறையில் வலக்கை வெந்துபோன நண்பர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. “அப்ப நமக்குக் கதவைச் சாத்தியாச்சா அண்ணே?” என்றார்.

எங்களிடம் உடனடியாக விடை இல்லை. சூஃபி மரபு ஓய்வையோ அழகையோ கேட்பதில்லை என்றோம். இப்னு அரபி இளமையில் செவில்லே நகரில் பணிவிடை செய்தது ஃபாத்திமா என்னும் ஏழை மூதாட்டிக்குத்தான். நண்பர் அதில் அமைதியடையவில்லை. உள்ளத்தைத் துலக்குவதே எல்லாம் என்றால் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்ற விதிகள் எதற்கு என்று கேட்டார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலைத் தீயில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வீடுகளுக்குச் சென்று கண்ணாடியைப் பற்றிப் பேச எங்களில் எவருக்கும் நா எழாது. ஓய்வில்லாதவன் இழப்பது என்ன என்பதை, அவனை வெளியே நிறுத்தியபடியேனும், அரிஸ்டாட்டில் ஒப்புக்கொண்டார் என்று தோன்றுகிறது.

நீட்சேயின் அதிமனிதனைப் பற்றி அதிகம் பேசவில்லை, மலையுச்சிக்காரர் அவர். இக்பால் அவரிடமிருந்து கடன் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு மட்டும் சிறிது நேரம் ஓடியது. நீட்சேயைப் படிக்குமுன்பே முழுமனிதக் கொள்கையைப் பற்றி எழுதிவிட்டதாக இக்பால் மறுத்திருக்கிறார். ஜீலியைப் பற்றிய அவரது கட்டுரை 1900-இல் வெளிவந்ததும் உண்மை. ‘அஸ்ராரே குதி’ 1915-இல்தான் வந்தது. அவர் 1929 ஜனவரியில் சென்னையில் சொற்பொழிவாற்றினார் என்பதைக் கேட்டு நண்பர் வியந்தார்.

ஃபாராபியின் பெயர் இறுதியில் வந்தது. 950-இல் மறைந்த அவர் அரிஸ்டாட்டிலைக் கற்றுத் தேர்ந்தவர். தனியொருவன் முழுமையடைய முடியாது, ஒருவருக்கொருவர் உதவும் நகரம் வேண்டும் என்று எழுதினார். அந்த நகரத்தையும் உடம்பைப்போல் தலைமுதல் அடிவரை படிநிலையாகத்தான் வகுத்தார் என்பதை மறைக்காமல் சொன்னோம். “அதில் கை எங்கே இருக்கு?” என்றார் நண்பர், இடக்கையால் பக்கங்களைப் புரட்டியபடி.

அடுத்த ஞாயிறு ஃபாராபி என்று முடிவாயிற்று. தீபாவளி நெருக்கத்தில் ஞாயிறும் ஆலை ஓடுமானால், அதற்கடுத்த ஞாயிறு.