வில்லியனூர் ரயிலடி: சில குறிப்புகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் எங்களுக்குத் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் உண்டு. ரயிலுக்கு வில்லியனூர் போக வேண்டும்.

அந்தப் பாதையின் நிலையங்கள்: விழுப்புரம், வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி. மொத்தமே 38 கி.மீ. அந்நாளில் சின்னபாபுசமுத்திரம் வரை பிரிட்டிஷ் சீமை. வில்லியனூர் பிரெஞ்சு மண். 1879 டிசம்பரில் பாதை திறந்தது. பிரெஞ்சுப் பகுதியில் தண்டவாளம் போட்டது தனிக் கம்பெனி, வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்துக்கு வந்து மார்செய்க்குக் கப்பல் ஏறிய காலம் அது.

எல்லை என்றதும் நேர்கோடு ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். இங்கே அப்படி இல்லை. பிரெஞ்சுக் கிராமங்களும் பிரிட்டிஷ் கிராமங்களும் துண்டு துண்டாகக் கலந்து கிடந்தன. வரப்பைத் தாண்டினால் வேறு அரசாங்கம். எத்தனை வரப்பில் காவல் போட முடியும்? ரயிலில் வருகிறவனை நிறுத்திச் சோதிப்பது சுலபம். சுங்கத்தின் கெடுபிடி முழுவதும் பயணியின் மூட்டைமேல் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1941இல் இரு அரசுகளும் சுங்கத்தை ஒன்றாக்கின. 1949இல் அந்த ஏற்பாடு முறிந்தது. அதன்பின் வந்த ஐந்தாறு வருஷம்தான் கொடுமை. விழுப்புரத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்துவர ஒரு வெளிநாட்டு எல்லையைக் கடக்க வேண்டும்.

அதே எல்லை பாரதியாரைக் காத்தது. 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் உளவாளிகள் கூடவே திரிந்தார்கள். கைது செய்ய முடியவில்லை. 1918 நவம்பரில் வெளியே கால் வைத்தார், கடலூர் அருகே பிடித்துவிட்டார்கள்.

 

அந்த எல்லையை அழித்த வாக்கெடுப்பு நடந்த கீழூரும் வில்லியனூர் கொம்யூன்தான். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16.

கீழூரில் நினைவிடம் எழுப்பியிருக்கிறோம். வாக்களித்த தலைவர்களுக்கு அது பொருத்தம். மூட்டையை அவிழ்த்துக் காட்டிய சனங்களுக்கு? வில்லியனூரிலும் சின்னபாபுசமுத்திரத்திலும் தலா ஒரு கல் நட வேண்டும்: இந்தப் பக்கம் எந்த அரசு, அந்தப் பக்கம் எது, எந்த வருஷம் வரை என்று தமிழில் வெட்டி. தினமும் இந்த வண்டியில் விழுப்புரம் போய்வரும் பிள்ளைகள் படிக்கட்டும்.