பெயர்த் தகடு

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையிலே சைக்கிளொன்று சாத்தப்பட்டிருக்கிறது. அதன் முகப்பில் நாரைத் தலை பொறித்த ‘றலி’த் தகடு மின்னுகிறது. தகடு மட்டுமே றலி. ஏனையவெல்லாம் இந்தியச் சைக்கிளொன்றின் உறுப்புகள். ஊரறிந்த இரகசியமாயினும் எவரும் அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை.

நொட்டிங்ஹாம் தொழிற்சாலையில் உருவான அசல் வண்டியை அவர் 1968இல், ஆசிரியப் பணி கிடைத்த ஆண்டில் வாங்கினார். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோர் கையிலே பணம் புழங்கிற்று. ஆனால் பணம் இருந்தும் எளிதில் வாங்க முடியாத பொருளாயிற்று றலி. அதனாலேயே அதன் மதிப்பும் உயர்ந்தது. வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் தகட்டைப் பார்த்தே ஊர் அவரை எடைபோட்டது. 1977இல் கதவுகள் திறந்தபின் சீக்கோ மணிக்கூடும் நஷனல் வானொலியும் அவ்விடத்துக்குப் போட்டியிட்டன.

1899இல் வெப்ளன் எழுதிய ஓய்வு வர்க்கம் பற்றிய நூல் இத்தகைய பகட்டு நுகர்வை நன்கு விளக்கும். ஆயின் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நிகழ்ந்ததை அது விளக்குமா என்பது ஐயமே. வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்த சனத்திரளிடையே, சுமை தாங்காது வண்டியின் சட்டம் முறிந்தது. பாத்திரங்களைக்கூட வழியில் விட்டுவிட்ட அம்மனிதர், தகட்டை நெம்பியெடுத்து மடியிற் கட்டிக்கொண்டார்.

அவருடைய பேரன் இன்று கலைப்பீட மாணவன். சிற்றுண்டிச்சாலை மேசையிலே தன் ஐபோனைத் திரை கீழாகவும் கடித்த அப்பிள் மேலாகவும் வைப்பது அவன் வழக்கம். (திரையன்றோ பார்ப்பதற்குரியது!) அதன் விலையிற் பாதி, தாயின் காப்புகளை அடைவு வைத்துப் பெற்றது, மீதி தவணை.

விடுமுறைக்கு வந்தவனிடம் கிழவர் கேட்டார்: “கொம்மாவின்ரை காப்பு எங்கை?”

அவன் விடை சொல்லவில்லை. அவன் பார்வை விறாந்தைச் சைக்கிளிலே சென்று நிலைத்தது.

“அம்மப்பா, உது மெய்யா றலியோ?”

கிழவர் அவனை உறுத்துப் பார்த்தார், கோபிக்கவில்லை. மகளிடம் அடைவுச் சீட்டை வாங்கி, ஓய்வூதியத்தில் எஞ்சியதையும் எடுத்துக்கொண்டு, வட்டி கட்டுவதற்காகச் சைக்கிளை உருட்டியபடி புறப்பட்டார். படலையைத் திறக்குமுன் சால்வைத் தலைப்பால் தகட்டை ஒருமுறை துடைத்தார்.