சாலினியும் என் அப்பாயியும்

கிரேக்க மொழியில் ஹெலியோடோரஸ் இயற்றிய ‘எதியோப்பியக் கதை’யை மொழிபெயர்ப்பிற் கற்ற காலத்தில், என் நெஞ்சம் அடிக்கடி வெலிமடைத் தோட்டமொன்றின் மாரியம்மன் கோயிலுக்குச் சென்று மீண்டது. அக்காதற் கதையின் தலைவி சாரிக்லியா, டெல்பி நகரில் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் பூசாரிணி. மெரோவே நகரில் நரபலியினின்று தப்பிச் சந்திரத் தெய்வத்தின் பூசாரிணியாகிக் காதலனை மணக்கின்றாள். தெய்வத்துக்குரியவளே கதைத் தலைவியுமாகிறாள்.

சிலப்பதிகாரத்தில் நிலை வேறு. அங்குத் தெய்வப்பணி தலைவியைச் சூழ்ந்த பெண்களிடத்து அமைகின்றது. காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைக் கூடலாம் என்ற தேவந்தியின் சொல்லைக் கண்ணகி ஏற்கவில்லை. அக்கண்ணகிக்கே செங்குட்டுவன் கோயிலெடுத்தபோது பூசனைப் பொறுப்பு தேவந்தியைச் சேர்கின்றது. (மாசியில் காமன் கூத்துக் கண்டு வளர்ந்த எமக்குக் காமவேள் அயலானல்லன்.) ஆயினும் என்னை விடாது தொடர்பவள் சாலினியே. எயினரிடையே தெய்வமேறி ஆடிய அவள், வழிநடந்து களைத்த கண்ணகியை உலகுக்கோர் மாமணியெனப் போற்றுகிறாள். கண்ணகியோ, மூதாட்டி மயங்கிக் கூறினாள் என நாணிக் கணவன் பின்னே ஒதுங்கி முறுவலிக்கிறாள். தெய்வம் மலையேறிய பின் சாலினி யாதானாள்? இளங்கோ கூறவில்லை. எனக்கு அது தெரியும் என்றே எண்ணுகிறேன்.

என் அப்பாயி ஆண்டுதோறும் திருவிழாவில் அருள்வந்து குறி சொல்வார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கெனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் என் அத்தையின் குடும்பமும் ஒன்று. 1974இல், கடவுச்சீட்டு வந்த பின்னும் மனந்துணியாத அத்தை, வேப்பிலையுடன் ஆடிய தாயின் முன் விழுந்து, “போகலாமா ஆத்தா?” என்று கேட்டார்.

“போடி தாயி, முன்னால நான் போறேன்” என்றது அம்மன்.

மறுநாட் காலை அப்பாயி வழமைபோற் பெரட்டுக்குச் சென்று, கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்தெடுத்தார். இரவு தாம் மொழிந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. பக்கத்து நிரையில் நின்றவள் கூறக் கேட்டுத்தான் அறிந்தார். அன்று நிறை குறைந்ததென்று கங்காணி ஏசினார்.

அத்தை தலைமன்னாரிற் கப்பலேறினார். கோத்தகிரியிலிருந்து கடிதங்கள் வந்தன. அம்மனின் வாக்கு பொய்க்கவில்லை என்றே லயத்தார் பேசிக்கொண்டனர். அடுத்த திருவிழாவில் உடுக்கொலி எழுந்ததும் அப்பாயியிடம் வேப்பிலையை நீட்டினர். அவர் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார்.