கணக்கு வாத்தியார் வென்ற பட்டம்

சகோதரிகளே, சதுரங்கப் பலகையின் முன் உட்கார்ந்துவிட்டால் உங்கள் வீட்டு ஆண்களுக்குச் சாப்பாட்டு நினைவு இருக்கிறதா? எங்கள் வீட்டில் கிடையாது. ரசம் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். அதனால்தானோ என்னவோ, உலக சாம்பியனாக இருந்தும் குடும்பத்தையும் உத்தியோகத்தையும் கைவிடாத ஹாலந்துக்காரர் மாக்ஸ் யூவேயிடம் எனக்குத் தனி மதிப்பு.

1901-ல் பிறந்த யூவேக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். (இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்!) ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார், மூன்று பெண்களுக்குத் தகப்பனார். 1935-ல் மகா சூரரான அலெக்கைனை 30 ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று பட்டத்தைப் பெற்றார். தோற்றவருக்கு மறுபந்தயம் உண்டென்பது முன்பே செய்த ஒப்பந்தம். சொன்னபடி 1937-ல் ஆடினார், பட்டம் போயிற்று.

பிறகு 1970-ல், அறுபத்தொன்பதாவது வயதில், சர்வதேசச் சதுரங்க சம்மேளனத்தின் தலைவரானார். அங்கேதான் வந்தது சோதனை. 1972-ல் ஐஸ்லாந்தில் ரஷ்யாவின் ஸ்பாஸ்கி காத்திருக்கிறார். அமெரிக்காவின் பாபி ஃபிஷரைக் காணோம். சட்டப்படி பார்த்தால் ஃபிஷருக்குக் கதவடைத்திருக்க வேண்டும் என்றது ரஷ்யத் தரப்பு. யூவேயோ இரண்டு நாள் தவணை கொடுத்தார். ரஷ்யர்கள் சீறினார்கள். "விதியை மீறினேன்" என்று அவர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஃபிஷர் வந்தார், வென்றார்.

பிடிவாதக் குழந்தைக்கு ஒருமுறை இடம் கொடுத்தால் என்ன ஆகும்? நமக்குத் தெரியாததா! 1975-ல் ஃபிஷர் புதுப்புது நிபந்தனைகள் போட்டார். சிலவற்றுக்குச் சம்மேளனம் இணங்கியது. 9-9 என்று சமமானால் பட்டம் தமக்கே என்றதற்கு மட்டும் இணங்கவில்லை. ஃபிஷர் ஆடவில்லை, பட்டம் கார்ப்போவுக்குப் போயிற்று. யூவே செய்த இரண்டுமே சரி என்பது என் கட்சி. முதல் தடவை ஆட்டம் நடக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை எதிராளிக்கு நியாயம் வேண்டியிருந்தது.

1976-ல் ரஷ்ய வீரர் கோர்ச்னாய் ஹாலந்தில் தஞ்சம் புகுந்தபோது, அவரைப் பந்தயங்களிலிருந்து விலக்கச் சொல்லி ரஷ்யச் சங்கம் நெருக்கியது. யூவே அசையவில்லை. நாடு விட்டு வந்தவனுக்கும் ஆடும் உரிமை உண்டு என்று நின்றார். 1978-ல், யூவேயின் பதவிக்காலத்தின் கடைசி வருஷத்தில், பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் உலகப் பட்டத்துக்காகக் கார்ப்போவின் எதிரே வந்து உட்கார்ந்தவர் அந்தக் கோர்ச்னாய்தான்.