கொட்டகை மணல்

என் பிள்ளைப் பிராயத்து உடுமலைப்பேட்டையில் இரவு என்றால் டெண்டுக் கொட்டகைதான். 1905-ல் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்க் கூடாரம் அடித்தாரே கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், அந்தக் கூடாரத்தின் பேரப்பிள்ளை அது. கீற்றுக் கூரை, மணல் தரை. முன்னால் இருப்பவர் மறைத்தால் மணலைக் குவித்து மேலே ஏறிக்கொள்ளலாம். ஒரே மெஷினாதலால் ரீலுக்கு ரீல் இடைவேளை. முறுக்கும் சோடாவும் வரும். திரையில் 'உடுமலை நாராயண கவி' என்ற எழுத்து வந்ததும் ஒரே கைதட்டல். பக்கத்துப் பூளவாடிக்காரர் அல்லவா!

ஒருநாள் அப்புச்சியின் சட்டைப் பையிலிருந்து நாலணா எடுத்துக்கொண்டு இரண்டாம் ஆட்டத்துக்கு ஓடினேன். ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். நாலு வரிசைக்கு முன்னால், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட அதே அப்புச்சி! கண்ணும் கண்ணும் சந்தித்தன. என்ன செய்வது? இருவரும் படத்தைப் பார்த்தோம்.

திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை. வாசலில் மெதுவாக, "அமுச்சி கேட்டா தண்ணி பாஞ்சிருச்சுன்னு சொல்லு, கண்ணு" என்றார்.

சொன்னேன். அமுச்சி எங்கள் இருவரின் வேட்டி, டவுசரிலிருந்து உதிர்ந்த மணலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள்.

நாலணாவைப் பற்றி அப்புச்சி கடைசிவரை கேட்கவில்லை.