முகத்தில் கோடுள்ள அணில்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்கு வந்து சேரும் தமிழர் பலரும் இங்கே முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைக்கும் காட்டுயிர் சிப்மங்க்காகத்தான் இருக்கும். அந்தப் பெயர் அணில் என்பதாகவும் இருக்கும். முதுகில் கோடு, நூறு கிராம் எடை, கணத்தில் மறையும் ஓட்டம் என்று இவ்வளவும் பொருந்தி வந்தபின் வேறு பெயரைத் தேட மனம் ஒப்புவதில்லை. உறவும் பொய்யல்ல, இரண்டும் அணில் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் அணில் என்று சொன்னதும் நம் கண் மரத்தை நோக்கிப் போய்விடுகிறது. இந்த விலங்கோ நம் காலடியில், மண்ணுக்குள் வாழ்கிறது.

ஆகவே அடையாளங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூர் அணிலின் முதுகில் மூன்று வெண்கோடுகள்; முகத்தில் கோடு கிடையாது. கிழக்குச் சிப்மங்க்கின் முதுகில் ஐந்து கருங்கோடுகள். நடுக்கோடு முதுகெலும்பின்மீது தனித்து ஓட, இருபக்கமும் இரண்டிரண்டாக வரும் கோடுகளுக்கு நடுவே வெளிர்நிறப் பட்டை ஒன்று இருக்கும். கோடுகள் வால்வரை செல்வதில்லை. செம்பழுப்பான பின்புறத்துக்கு முன்பே நின்றுவிடும். கண்ணுக்கு மேலும் கீழும் வெளிர்கோடுகள் உண்டு. இந்த முகக்கோடுதான் முக்கியம். கொலராடோவிலுள்ள ராக்கி மலை தேசியப் பூங்காவில், தோளில் பொன்னிறம் படர்ந்த தரையணில் ஒன்று பாறைகள்மீது வந்து அமரும். உடலின் இருபுறமும் அழுத்தமான கோடு, முகம் மட்டும் வெறுமை. அதைச் சிப்மங்க் என்று படம்பிடித்துச் செல்பவர்கள் பலர். முகத்தைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

காண விரும்புபவர்கள் கண்ணைவிடக் காதை நம்புவது நல்லது. நான் வசிக்கும் மாசசூசெட்ஸில், வால்டன் குளத்தைச் சுற்றிய காட்டுப்பாதையில் நடக்கும்போது, ஏதோ ஒரு பறவை ஒரே ஸ்வரத்தை நிமிடக்கணக்கில் விடாமல் கத்துவதுபோல் கேட்கும். பறவை அன்று. நரியோ பூனையோ தரையில் தென்பட்டால் கூரிய 'சிப்' ஒலி. வானில் பருந்து வட்டமிட்டால் தாழ்ந்த 'சக்' ஒலி. ஒலி வந்த திசையில் விழுந்த மரம், பாறையிடுக்கு, பழைய பண்ணைகளின் எல்லையாக நின்ற கற்சுவர் எதுவாவது இருக்கும். அங்கே அசையாமல் நின்றால் போதும். ஓடும்போது வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஓடும். திரும்பி வரும்போது இரு கன்னங்களும் பருத்திருந்தால், உள்ளே ஓக் கொட்டைகளோ மேப்பிள் விதைகளோ இருக்கின்றன என்று பொருள். நம்மூர் அணிலுக்கு இந்தக் கன்னப்பை இல்லை.

இவற்றில் பலவற்றை நான் புத்தகங்களில் படித்தேன். என் அம்மா பார்த்தே தெரிந்துகொண்டார்.

அப்பா காலமான அடுத்த வருடம், ஏப்ரலில், அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதத் தங்கலுக்கு வந்தார். பகல் முழுவதும் வீட்டில் யாரும் இருப்பதில்லை. பேச்சு குறைந்துபோயிருந்தது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். பின்கட்டுச் சன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம், இரவுச் சாப்பாட்டின்போது தாமாகவே பேசினார். "இது நம்ம அணில் இல்லப்பா. மூஞ்சியிலயும் கோடு கிடக்கு. மரத்துல ஏறுது, ஆனா அங்க குடியிருக்கல."

அதன்பின் தினமும் ஒரு செய்தி இருந்தது. அது மறையும் இடத்தில் இரண்டங்குலத் துளை ஒன்று இருப்பதை அம்மா கண்டுபிடித்தார். அவரை உறுத்தியது அந்தத் துளையைச் சுற்றி ஒரு பிடி மண்கூட இல்லாததுதான். "வளை தோண்டுனா மண்ணு வெளிய கிடக்கணும்லா? எங்க கொண்டு போய்ப் போட்டுச்சு?" வயலெலியின் வளைகளைப் பார்த்து வளர்ந்தவரின் கேள்வி அது. தோண்டிய மண்ணை வேறொரு வாய்வழியே தள்ளிவிட்டு, அந்த வாயை அடைத்துவிட்டு, புதுவாயை உள்ளிருந்தே திறக்கும் என்று படித்துச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். "கோட்டுமூஞ்சி" என்று அவர் வைத்த பெயரை என் மகளும் பிடித்துக்கொண்டாள். ஆச்சியும் பேத்தியும் பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைத்தது.

பெயரிடுவதில் அம்மா தனியாள் அல்லர். 1840களில் வால்டன் கரையில் குடிலிட்டு வாழ்ந்த தோரோவே இதை வரி அணில் என்று எழுதியிருக்கிறார். சிப்மங்க் என்னும் சொல் ஒஜிப்வா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. அந்த மூலச் சொல் குறித்ததோ மரத்தில் வாழும் செவ்வணிலை. வந்தேறிய வெள்ளையரும் ஓர் அணிலின் பெயரை எடுத்துத்தான் இன்னொன்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். விலங்கியலாளர்கள் தந்த பெயர்களில் வேறுபாடு துலங்குகிறது. நம்மூர் அணிலின் பேரினப் பெயர் ஃபுனாம்புலஸ், கயிற்றின்மேல் நடப்பவர். சிப்மங்க்கின் பெயர் டாமியாஸ், பண்டகசாலையைக் காப்பவர்.

கோடு வந்த கதையும் இரண்டு நிலத்திலும் உண்டு. சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை ராமன் மூன்று விரலால் தடவிக் கொடுத்தான் என்பது நாமறிந்தது. இரோகுவா மக்களின் கதையில் ஒரு கரடி, சூரியனையே உதிக்காமல் நிறுத்துவேன் என்று பெருமை பேசுகிறது. சூரியன் உதித்துவிடுகிறது. கேலி செய்த சிறுவிலங்கைக் கரடி பிடித்து அழுத்த, அது நழுவி ஓடும்போது நகங்கள் முதுகைக் கீறிவிடுகின்றன. இந்தக் கதையைச் சொன்னபோது அம்மா, "பெரியவன்கிட்ட வாயாடினா அப்படித்தான். ஆனா தப்பிச்சிட்டுல்லா" என்றார்.

செப்டம்பர் இறுதியில் ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்கின. கோட்டுமூஞ்சி நாளெல்லாம் சுமந்தது. பனி விழுந்தால் என்ன செய்யும் என்று அம்மா கேட்டார். கரடிபோல் உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு கிடப்பதில்லை. உடல் குளிர்ந்து உறங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை விழித்து, சேமித்ததைத் தின்றுவிட்டு மறுபடியும் உறங்கும் என்றேன்.

"குட்டிகளும் கூட இருக்குமா?"

"இல்லம்மா. குட்டிகள் ஆறு வாரத்துலேயே வளையவிட்டு வெளிய வரத் தொடங்கிடும். கொஞ்ச நாள்ல அதுஅதுக்குத் தனி வளை. ஒரு வளைக்கு ஒண்ணுதான்."

அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இங்கேயே இருந்துவிடுங்கள் என்று நான் அந்த வாரம்தான் கேட்டிருந்தேன். அக்டோபர் நடுவில் ஊர் திரும்பினார். அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். நெல் குதிரில் இருக்கிறது, பக்கத்துவீட்டார் வந்துபோகிறார்கள், கவலைப்படாதே என்கிறார்.

முதல் பனி விழுந்த ஜனவரி இரவில் தொலைபேசியில் பேசும்போது, "இப்ப ஒரு தடவை எந்திரிச்சுத் தின்னுட்டுப் படுத்திருக்கும், இல்ல?" என்று கேட்டார். மார்ச்சில் வெயில் வந்ததும் பின்கட்டுப் பனியில் இரண்டங்குலத் துளை ஒன்று திறந்திருந்தது. அதன் ஓரத்தில் மண் இல்லை. அம்மாவை அழைத்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்தாயா, கோடு இருந்ததா என்று கேட்டார்.