வாயு மூலையில் ஓர் இடம்

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. பாளையங்கோட்டையில் ஒரு மைதானம். உள்ளே லீக் மேட்ச் நடக்கிறது. மேற்கு ஓரத்துச் சிமெண்ட் படிகள், வடக்கே வளைகிற இடத்தில் பெரியவர் ஒருவர் வந்து நிற்கிறார். குனிந்து படியில் உள்ளங்கையை வைக்கிறார், உடனே எடுத்துவிடுகிறார். மேல்படியில் வைத்துப் பார்க்கிறார். அங்கேயும் அதே கதிதான். மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய பேப்பரை எடுத்து நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் துண்டை விரித்து உட்காருகிறார். உட்காருவதற்கு முன்னால், மரத்திலிருந்து விழுந்து கிடந்த வேப்பம்பழங்களைச் செருப்பால் ஒதுக்கிவிடுகிறார். வேட்டியில் ஒட்டினால் கறை போகாது.

நிழலில் இருக்கிற படி ஏன் சுடுகிறது? மேற்கு ஓரத்துப் படிகள் கிழக்கே பார்த்தவை. விடிந்ததிலிருந்து உச்சி வரை அவற்றின் மேல்தான் வெயில். சுவருக்குப் பின்னால் நிற்கிற வேப்பமரங்களின் நிழல் படிக்கு வந்து ஒரு மணி நேரந்தான் ஆகியிருக்கும். காலையில் குடித்த சூட்டைச் சிமெண்ட் அவ்வளவு சீக்கிரம் விடாது. ஆகவே நிழலைக் கண்டதும் ஓடிப்போய் உட்காருகிறவர் சூடுபட்டு எழுந்திருக்கிறார். பழகியவர் கையில் பேப்பரோடு வருகிறார்.

தெற்கு வாசல் வழியாக மூன்று பையன்கள் நுழைகிறார்கள். எதிரே கிழக்குக் காலரி புதுப் பெயிண்டோடு காலியாகக் கிடக்கிறது. நேரே அங்கே நடக்கிறார்கள். பெரியவர் குரல் கொடுக்கிறார்.

“ஏல மக்கா, அங்கிட்டுப் போகாதிய. பொழுது சாயுத வரைக்கும் மூஞ்சியிலதான் அடிக்கும். இங்கன வாங்க.”

“இருக்கட்டும் தாத்தா.”

இரண்டு ஓவர் தாங்கவில்லை. ஒருவன் கர்ச்சீப்பைத் தலையில் போடுகிறான். இன்னொருவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்குகிறான். மூன்றாமவன் எழுந்துவிட்டான். பவுண்டரிக் கோட்டைச் சுற்றி வந்து பெரியவருக்குக் கீழ்ப்படியில் வரிசையாக உட்காருகிறார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரில் பாதியைக் கிழித்துக் கொடுக்கிறார்.

மேற்கே உட்கார்ந்தால் நிழல் என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்கிலும் எந்த மூலை என்பதில்தான் சூட்சுமம். திருநெல்வேலிக்குச் சித்திரைப் பிறப்பையொட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை, மத்தியானச் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் கடக்கிறது. ஆனியில் பிற்பகல் முழுக்க அது வடமேற்கை ஒட்டியே இறங்கும். அதனால் இந்தக் காலத்தில் வாயு மூலைக்கு முதல் நிழல். தை மாதம் வந்தால் எல்லாம் மாறிவிடும், சூரியன் தென்மேற்கே போய்விடும். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு இதே மைதானத்துக்கு வந்தால் கன்னி மூலையில்தான் இடம் பிடிக்க வேண்டும். பெரியவர் பஞ்சாங்கம் பார்த்து இங்கே வந்திருக்க மாட்டார். பல வருஷம் வெயிலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருப்பார்.

வாயு மூலைக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது. கிரிக்கெட் ஆடுகளத்தை வடக்குத் தெற்காகப் போடுவது வழக்கம். இல்லாவிட்டால் சாயங்கால வெயில் ஒரு முனையிலிருக்கிற பேட்ஸ்மேனின் கண்ணைக் குத்தும். அமெரிக்காவில் பேஸ்பால் மைதானம் அமைப்பவர்களுக்கும் இதே கவலைதான். அங்கே அடிப்பவர் கிழக்கு–வடகிழக்கைப் பார்த்து நிற்கும்படி மைதானம் அமைந்தால் நல்லது என்பது விதிப்புத்தகத்தின் பரிந்துரை. ஆகவே அவருடைய முதுகுப் பக்கத்துக்கும் மூன்றாம் பேஸ் பக்கத்துக்கும் பிற்பகல் நிழல் கிடைக்கிறது. ஆடுகிறவர் கண்ணைக் காப்பாற்றப் போட்ட கணக்கு, பார்க்கிறவர் நிழலையும் தீர்மானித்துவிடுகிறது. நம் கிரிக்கெட்டில் நேர்மேற்கில் உட்கார்ந்தால் நிழல் உண்டு, ஆனால் ஆட்டத்தைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். பந்து உள்ளே திரும்பியதா வெளியே போனதா என்று தெரியாது. வடமேற்கு வளைவில் நிழலும் கிடைக்கிறது, பௌலரின் கையும் பாதி தெரிகிறது. எல்பிடபிள்யூவுக்குப் பௌலர் கத்தும்போது, அம்பயருக்கு முன்னால் பெரியவர் தலையை ஆட்டுகிறார். அம்பயரும் இல்லை என்கிறார்.

மணி மூன்றே கால் ஆகும்போது நிழலின் நீளம் ஏறக்குறைய ஆளின் உயரம். ஐந்து மணிக்கு அது இரண்டரை மடங்காகிவிடும். இருபதடி வேம்பின் நிழல் ஐம்பதடி வரை நீளும். இந்த நீட்சியைப் பின்பற்றி மைதானத்தின் ஓரமே நகர்கிறது. ஸ்கோர் எழுதுகிற பையன் மேசையைத் தூக்கித் தூக்கி முன்னால் வைக்கிறான். நுங்கு வண்டிக்காரர் வண்டியை ஒரு முழம் தள்ளுகிறார். ஆடுகிற பையனின் அம்மா போலும், இவ்வளவு நேரம் வாசலருகே நின்ற லோடு ஆட்டோவின் நிழலில் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இப்போது படிக்கு வந்து காலை நீட்டுகிறார். மேற்கு பவுண்டரியில் நிற்கிற ஃபீல்டர் ஒவ்வொரு பந்துக்கும் அரையடி பின்வாங்கி, வேம்பு நிழலின் விளிம்புக்கே வந்துவிட்டான். “லேய், கோட்டுக்கு வெளியவா நிக்க?” என்று கேப்டன் கத்துகிறான். படியில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவன் மேல் யாருக்கும் கோபமில்லை.

காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிற இந்த நாட்களில் நெல்லைக்கு மழை அபூர்வம், செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற காற்றுக்குக் குறைவே கிடையாது. மேற்கே உட்கார்ந்தவருக்கு அது முதுகில் படுகிறது. கிழக்குக் காலரிக்கு வெயிலோடு மைதானத்துப் புழுதியும் சேர்ந்து முகத்தில் வந்து விழுகிறது. இந்த ஊரில் கிழக்கே மட்டும் காலரி கட்டி, மேற்கே சுவரோடு விட்டுவிடுகிறவர்களை என்ன சொல்ல?

கூரை போட்டால் தீராதா என்று கேட்கலாம். கூரை வேண்டியதுதான். ஆனால் அதைப் போடுவதற்குக் காற்றைத் தெரிந்திருக்க வேண்டும். 2023-ல் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் புதிதாகப் போட்ட காலரிக் கூரை சூறைக்காற்றில் சரிந்து விழுந்தது. சென்னைச் சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காக மூன்று காலரிகளைப் புதிதாகக் கட்டியபோது, கடற்காற்றை மறித்துக்கொண்டிருந்த பழைய அமைப்பை மாற்றி, காற்று உள்ளே புகும்படி வெள்ளைச் சவ்வுக் கூரைகளை விரித்தார்கள். அந்த யோசனை நமக்கும் வேண்டும். தகரத்தை மட்டும் தலைக்கு மேல் அடித்தால் நிழல் வரும், கூடவே அனலும் இறங்கும்.

சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கிறபோது ஊரே திரண்டு போகிறது. 2023 ஜூலை 12 அன்று இறுதிப் போட்டியே அங்கேதான். நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் தோற்றது, என்றாலும் அன்று விளக்கு வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு வெயில் கவலை இல்லை. மூன்றே கால் மணிக்குத் தொடங்குகிற ஆட்டங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை. ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டை அரங்குகளில் நிழல் இருக்கைக்கு ஒரு விலை, வெயில் இருக்கைக்கு அதைவிடக் குறைந்த விலை. நம் ஊர் மைதானங்களில் பெரும்பாலும் டிக்கெட்டே இல்லை. ஆனால் விழா என்று வந்தால் ஷாமியானாவும் சோபாவும் நிழல் பக்கத்தில் விருந்தினருக்கு. அணிவகுத்து நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் வெயிலைப் பார்த்து நிற்கிறார்கள். அதைப் பார்க்கிறபோது மனசு பொறுப்பதில்லை.

மாசி பங்குனியில் இலை உதிர்க்கிற வேம்பு, கத்திரி வெயில் வருவதற்குள் தழைத்துவிடுகிறது. புங்கும் அப்படித்தான். நமக்கு எப்போது நிழல் வேண்டும் என்று தெரிந்தே வளர்கிற மரங்கள். இரண்டும் தண்ணீருக்கு அதிகம் கெஞ்சாதவை, ஆனி ஆடிக் காற்றில் நின்று பழகியவை. மைதானங்களுக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த காலரிக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால், மேற்கு வேலியோரம் வாயு மூலையிலிருந்து கன்னி மூலை வரை ஒரு வரிசை மரக்கன்று நடுங்கள். இருக்கிற மரங்களைக் கட்டடத்துக்காக வெட்டாதீர்கள்.